கதவைப் பார்த்த நாற்காலி

1
மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன்: நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். இந்தக் கதை அதிலிருந்து வந்தது.

பகலில் நான் பெண்கள் சிறையில் மனநல ஆலோசகருக்கு உதவியாளர்; மாலையில் எழுத்து வகுப்பு மாணவி. குழு சிகிச்சையில் வட்டமாக உட்கார்ந்தால் மனம் திறக்கும் என்று படித்திருந்தேன். வட்டம் என்றால் யாரோ ஒருத்தி கதவுக்கு முதுகு காட்டியே ஆக வேண்டும். அது எனக்கு உறைக்கவில்லை. அந்த இடம் தையல்காரிக்கு வாய்த்தது. (சிறைத் தையற்கூடத்தில் வேலை. பெயர் வேண்டாமென்றாள்.)

2
கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: 'அவள் கண்களில் ஆழ்ந்த சோகம்...' இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க, மூச்சைக் கவனிங்க" என்றார் ஆலோசகர்.

"முதுகுக்குப் பின்னாடி கதவு. இதுல கண்ணை வேற மூடணுமா?" என்றாள் தையல்காரி. "நீங்க மூடுங்கம்மா, நான் காவல் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நாற்காலியைச் சுவரோரம் இழுத்தாள். கிறீச்சென்ற சத்தத்துக்குப் பெண் காவலர் உள்ளே பாய்ந்து வந்தார். கொஞ்ச நேரத்தில் சிறை அதிகாரியின் உத்தரவும் வந்தது: நாளை முதல் காவலர் அறைக்குள்ளேயே உட்காருவார், சம்மதமில்லையென்றால் சிகிச்சையே கிடையாது.

"அவங்க முன்னாடி வாயைத் திறந்தா, விளக்கணைக்கறதுக்குள்ள ஜெயில் முழுக்க என் பேச்சுதான்" என்றாள் தையல்காரி. "போன வாரந்தான் முதல் தடவையா ஒரு வரி சொன்னேன். மீதியை முழுங்கிக்கவா?"

3
அந்த ஒரு வரி என்ன? அவள் எதற்காக உள்ளே வந்தாள்? எழுத்து வகுப்பு ஆசிரியரும் இன்று அதைத்தான் கேட்டார்: "குற்றத்தைச் சொல்லும்மா. வாசகனுக்கு ஒரு பிடி வேணாமா?"

சொல்ல மாட்டேன். காவலருக்குக் கேட்கக் கூடாதது உங்களுக்கு மட்டும் எதற்கு?

(நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டேன்: "அக்கா, உங்களை எழுதலாமா?"

"எழுது. ஆனா கடைசில என்னை அழ வச்சே, அந்தத் தாளை மடிச்சுச் சட்டைக் காலருக்குள்ள வச்சுத் தச்சிருவேன்.")

4
எழுதிப் பார்த்த முடிவுகள்:

அதிகாரி மனம் இளகுகிறார். (எனக்கே சிரிப்பு வருகிறது.)

அவள் காவலர் முன்னால் உடைந்து அழுது, பாரம் இறங்கி... (காலர்.)

காவலர் உள்ளே உட்கார்ந்திருக்க, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீறாப்பு எனக்கு, முழுங்குவது அவள்.

ஆகவே முடிக்கப் போவதில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள்.

நாளை: ஆலோசகரோடு அதிகாரியைப் பார்க்க வேண்டும். வட்டம் போட்டது நான், அவள் மேல் தப்பில்லை. காவலர் வெளியே நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும் என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் மறுநாளும் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் போட வேண்டும்.