அண்ணன் வாயில் வந்த ஒரே வார்த்தை

கியர்பாக்ஸை நான்காவது தடவையாக இறக்கியபோது தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து அழுவதில் ஒரு வசதி, யார் கண்ணிலும் படாது. ஆயில் கசியாமல் தடுக்கும் பின்பக்க ரப்பர் சீலை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. வண்டி சும்மா நின்றால் ஒரு சொட்டு ஒழுகாது. பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானால் போதும், தரையெல்லாம் ஆயில்.

அது அண்ணனுடைய பழைய கார். அவரைவிட இரண்டே வயது இளையது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. "ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும், மத்ததும் பின்னாடியே வரும். அவர் என்ன சொன்னாலும் காது குடுத்துக் கேளுங்க," என்றார் டாக்டர். வீடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

வந்தது. அண்ணனும் தம்பியும் வண்டி ரிப்பேர் பார்த்துவந்த ஷெட் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தம்பி சீல் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இடது கையை நீட்டி, "மூச்சு," என்றார்.

சந்தோஷப்பட நேரம் ஏது? "ஐயோ, மூச்சு முட்டுதாம்!" என்று அண்ணி அலறினாள். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். அண்ணன் அதைப் பிடுங்கி எறியப் பார்த்தார். தம்பிதான் அந்தக் கையை அமுக்கிப் பிடித்தான், என்னவோ பெரிய உபகாரம் செய்வதுபோல. இரண்டு நாள் கழித்து மறுபடி ஷெட், மறுபடி அதே வார்த்தை, மறுபடி மாஸ்க். மூன்றாவது தடவை அண்ணன் கத்தினார். கத்தினால் திணறல் முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

இப்போது நான்காவது தடவை இறக்கிய கியர்பாக்ஸைத் துடைக்கும்போது மேல்மூடியில் சின்னக் குமிழ் ஒன்று தட்டுப்பட்டது. பிரீதர். உள்ளே சூடாகும் காற்று வெளியேறுகிற துளை. அது வெள்ளிப் பெயிண்டில் கெட்டியாக அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத காற்று, சீலைத் தாண்டி ஆயிலை நெட்டித் தள்ளியிருக்கிறது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணன் வீடு திரும்பும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று கியர்பாக்ஸுக்கு வெள்ளி பூசிய மகராசன் யார்? சாட்சாத் தம்பியேதான்.

ஊருக்கெல்லாம் அது பிரீதர். அண்ணனுக்கு மட்டும் முப்பது வருஷமாக மூச்சு. "மூச்சைப் பாத்தியாடா?" என்று எத்தனை வண்டிக்குக் கேட்டிருப்பார்! தம்பிக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. துளையைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, கிரீஸ் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"அண்ணே, நீ பிரீதரைத்தான சொன்ன? இந்த மரமண்டைக்கு இப்பதான் புரிஞ்சுது. தொறந்துட்டேண்ணே. இன்னொரு தடவை சொல்லேன்."

"சொல்லுங்க. இனிமே யாரும் எங்கயும் தூக்கிட்டு ஓடமாட்டோம்," என்றாள் அண்ணி, அழுதபடி.

அண்ணன் அவர்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைமாட்டில் தொங்கிய மாஸ்க்கைப் பார்த்தார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

வண்டி இப்போது எவ்வளவு ஓடினாலும் ஒழுகுவதில்லை. தினமும் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தம்பி ஓட்டுகிறான். கேட்கிறான், கெஞ்சுகிறான், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் வாயருகே காதைக் கொண்டுபோகிறான். அண்ணன் சட்டென்று இடது கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்கிறார்.