இரண்டு தடவை

மனைவியின் காரியம் முடிந்த நாலாம் நாளே கேப்டன் சக்கரபாணி வேலைக்குத் திரும்பிவிட்டார். "தூக்கம் வருதா?" என்று கேட்ட கம்பெனி டாக்டரிடம், நன்றாக வருகிறது என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், அந்த ஒன்றை மட்டும் கூசாமல் சொன்னார். திண்டிவனத்து வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வானமே தேவலை என்றிருந்தது. மனைவி கிருஷ்ணவேணி போன அன்றும் அவர் வானத்தில்தான் இருந்தார்.

எழுபது பேர் ஏறும் சின்ன ஜெட் அது. காக்பிட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். பக்கத்தில் துணை விமானி லூசியா, விழுப்புரத்துப் பெண். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு, சக்கரபாணி தன் கையாலேயே விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார். பதினெட்டாயிரம் அடியில் இறக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு. அதற்குக் கீழே வேறொரு விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

விழுப்புரம் தாண்டியதும் இடப்பக்கம் திண்டிவனத்து ஏரி மின்னியது. பைபாஸ் ஓரம் அவர் வீடு. அவ்வளவு உயரத்திலிருந்து வீடாவது தெரிவதாவது. ஆனாலும் தேடினார்.

"ஒன் தௌசண்ட் டு கோ," என்றாள் லூசியா. இன்னும் ஆயிரம் அடிதான் என்று அர்த்தம். உடனே பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால், பக்கத்திலிருப்பவர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். கேப்டனென்றும் பார்க்கக் கூடாது. அதுதான் காக்பிட்டின் சட்டம்.

அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்."

அதைக் கேட்டுத்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். விமானம் அவள் கைக்குப் போயிருந்தது. பதினெட்டாயிரத்தில் சரியாக நிறுத்தினாள். சக்கரபாணி கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

சென்னையில் பயணிகள் இறங்கிப் போனபின், ரிப்போர்ட் எழுத டேப்லெட்டை எடுத்த லூசியா எழுதாமலே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு தடவதான் கூப்ட்டேன்னு போட்டுடறேன் சார். கீழ பாத்துக்கினு இருந்தீங்க, அவ்ளோதானே. ரெண்டுன்னு எழுதினா உங்கள வூட்ல உக்கார வச்சிடுவாங்க. மறுபடி பறக்க வுடுவாங்களோ என்னமோ."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடத்தான் மனசு கெஞ்சியது.

அவர் தன் போனை எடுத்து, தவறிப்போன அழைப்புகளைச் சொல்லும் எஸ்.எம்.எஸ் ஒன்றைக் காட்டினார். இருபது நாளுக்கு முந்தைய தேதி. ஒன்பது பன்னிரண்டுக்கு ஓர் அழைப்பு, ஒன்பது பதினைந்துக்கு இன்னொன்று.

"அன்னிக்கும் இதே சீட்லதாம்மா இருந்தேன். போன் ஆஃப்ல கெடந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு அவளும் ரெண்டு தடவதான் கூப்ட்டா."



சக்கரபாணி டேப்லெட்டை வாங்கி, இரண்டு தடவை அழைத்தும் நான் பதில் சொல்லவில்லை என்று தானே எழுதினார். பிறகு, தூக்கம் வருவதில்லை என்று கீழே இன்னொரு வரி சேர்த்தார்.