வாசலில் ஒரு கேருபீன்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைனில், அந்த வீட்டுக்கு வந்திருந்தவர்களும் இருந்தவர்களும்: வீட்டுக்காரர் லாய்ட், மனைவி எலைன், மகன் கிரண், அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் ஷாலினி, இன்னும் படியேறாத அவளுடைய அப்பா, பழைய சுரங்கத் தொழிலாளி சிவலிங்கம். கதவுக்கு மேலே, நேற்றுதான் பெயின்ட் காய்ந்த ஒரு கேருபீன், பைபிளில் வரும் தேவதூதன்.

கிரணும் ஷாலினியும் ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள். இன்று கல்யாணப் பேச்சு முடியாவிட்டால் வரும் வாரம் வேலூரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை அவளைப் பார்க்க வருகிறான்.

கேருபீன் லாய்டின் யோசனை. சபைக்கு வந்த போதகர் ஒருவர் விளக்கியிருந்தார்: எபிரெயத்தில் ஒன்று என்றால் கெரூப், பல என்றால் கெரூபீம். வேர்ச்சொல்லின் பொருள் பண்டிதர்களுக்கே உறுதியில்லை. வேலை என்ன என்பதில்தான் சந்தேகமில்லை. கிறிஸ்துமஸ் கார்டில் வரும் கொழுகொழு குழந்தை அல்ல அது. ஆதாமும் ஏவாளும் திரும்பி வந்துவிடாதபடி ஏதேன் தோட்டத்துக்கு வெளியே கடவுள் நிறுத்திய காவல்.

லாய்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மைன்ஸ் மூடும்வரை ஷாஃப்ட் வாசலில், சுரங்கக் குழியின் வாயில், காவல் நின்றவர் அவர். கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் மேலேறி வருகிற தொழிலாளர்களின் மடி, தலைமுடி, வாய் எல்லாம் தங்கத்துக்காகத் தடவிப் பார்த்தவர். பெயின்டர் மனோகரிடம் தன் பழைய யூனிஃபார்ம் போட்டோவைக் கொடுத்தார். மனோகர் கேருபீனுக்கு அதே முகத்தை வைத்தான், மீசையைக்கூட விடவில்லை.

சிவலிங்கம் படியில் ஒரு கால் வைத்தார். மேலே பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

"இன்னா மாமா, உள்ள வாங்க," என்றான் கிரண்.

"உங்கப்பன் மூஞ்சியத் தாண்டியா? எனக்குக் கல்யாணமான மறுநாள், ஷிப்ட்டு ஆளுங்க எல்லாரும் பாக்க கோவணத்தோட நிக்கவெச்சான்பா. கெடச்சது இன்னா? ஒரு பீடிக்கட்டு."

"அது ட்யூட்டி, சிவலிங்கம்," என்றார் லாய்ட்.

"ட்யூட்டி முடிஞ்சி இருபது வருசத்துக்கு மேல ஆச்சி சார். நீ இன்னும் வாசல்லயே தொங்கிகினு கீறியே."

ஷாலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பவே வெள்ளையடிச்சிடறேன்," என்றார் லாய்ட்.

"அடிச்சா? உள்ள நீ குந்தியிருப்ப. எனக்குப் பேச்சு வராது. நீ வெளிய இரு, நாங்க பேசிக்கிறோம். இல்லன்னா பொண்ண இட்டுகினு கெளம்பறேன்."

லாய்டுக்குக் கொதித்தது. தன் வீடு, தன் மகன். அன்றைக்குச் சிவலிங்கத்தின் மடியில் தங்கம் எதுவும் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். புது மாப்பிள்ளையான சிவலிங்கம் வரிசையில் நின்று சிரித்தது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கிரணைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

செருப்பை மாட்டினார். "ஜன்னல் கிட்ட நிக்கலாமா?"

"வேணாம்," என்றாள் எலைன். "உங்களத் தெரியாதா எனக்கு? ரெண்டு நிமிசத்துல உள்ள வந்து ரூல் பேசுவீங்க."

லாய்ட் படி இறங்கினார். சிவலிங்கம் அவர்மேல் படாமல் ஒதுங்கி, தலை குனிந்து உள்ளே போனார். எலைன் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று திருப்பினாள்.