தூணில் அறைந்த தாள்

ஆணி அறையும் சத்தம் கேட்டதும் குழந்தைவேலு கோத்துக்கொண்டிருந்த எழுத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். ரங்கூன் லான்மடாப் பேட்டையில் இருந்த அந்த அச்சாபீஸில் ஒரு வழக்கம் உண்டு. யார் தப்பாக அச்செழுத்துக் கோத்தாலும், அந்தத் தாளின் அடியில் அவர் பெயரையும் அச்சடித்து வாசல் தூணில் அறைந்துவிடுவார்கள். ஒரு வாரம் தொங்கும். பெயர் தொங்கியவருக்கு அந்த வருஷம் மேஸ்திரி வேலை கிடையாது. பதின்மூன்று வருஷமாகக் குழந்தைவேலுவின் பெயர் அந்தத் தூணுக்குப் போனதில்லை. வருகிற திங்கட்கிழமை அவரைத்தான் மேஸ்திரியாக்குவதாக இருந்தது.

அன்று அவர் பெயரோடு தூணில் ஏறிய தாள் ஒரு பாட்டுக் கச்சேரி நோட்டீஸ். ரங்கூனில் பியானோ சொல்லிக்கொடுக்கும் போலந்துக்காரர் ஒருவர் கொடுத்தது. மேலே இங்கிலீஷ், கீழே அவருடைய பாஷை. மேலே 'இங்கிலீஷ் பாட்டு' என்ற இடத்தில் இங்கிலீஷ் என்ற சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தது. கீழே அதே சொல் சின்ன எழுத்தில் தொடங்கியது. கையெழுத்துப் பிரதியில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே கோத்திருந்தார் குழந்தைவேலு. தெரியாத பாஷையில் சொந்த மூளையைக் காட்டக் கூடாது என்பது அவர் தொழில் புத்தி.

இங்கிலீஷ்கார மானேஜர் துரைக்கு அந்தப் புத்தி எங்கே இருந்தது? தன் தேசத்தைச் சின்ன எழுத்தாக்கிவிட்டான் என்று பத்துப் பேர் நடுவில் குதித்தான். சுயராஜ்யக் கூட்டங்களுக்குப் போய்க் கெட்டுப்போனவனின் திமிர் என்றான். குழந்தைவேலு நீட்டிய பிரதியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நோட்டீஸ் வாங்க வந்த போலந்துக்காரர் தூணைப் பார்த்துவிட்டு, இதில் என்ன தப்பு என்று கேட்டார். துரை சொன்னான். அவர் சிரிக்கவில்லை. தங்கள் பாஷையில் இங்கிலீஷ்காரன் என்று ஆளைச் சொன்னால்தான் பெரிய எழுத்து, அவன் பாட்டுக்கும் பேச்சுக்கும் சின்ன எழுத்துதான், தங்கள் போலந்துப் பாட்டுக்கும் அதே கதிதான் என்று பக்கத்துச் சொல்லில் விரல் வைத்துக் காட்டினார்.

துரையின் காது சிவந்தது. தாளைக் கழற்றிவிட்டு வேலையைப் பார் என்று குழந்தைவேலுவிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. ஊர் கேட்கத் திட்டத் தெரிந்த வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

மெஷின் ஓட்டும் ரஹ்மத்துல்லா பக்கத்தில் வந்தார். "விட்டுருங்கண்ணே. திங்கக்கெழம மேஸ்திரி வேல இருக்குல்ல."

"கழட்டுனா போதாது பாய். தப்பு யாருதோ அவுக பேருதான் தொங்கணும்."

குழந்தைவேலு அச்சிலிருந்து தன் பெயரை உருவினார். அந்த இடத்தில் துரையின் பெயரைக் கோத்தார். முதல் எழுத்தைப் பெரிதாகவே போட்டார். தொழிலில் குறை வைக்க அவருக்கு மனம் வராது. புதுத் தாள் ஒன்றை அச்சடித்து, ஆணி வைத்துத் தூணில் ஓங்கி அறைந்தார். மேஸ்திரி வேலை அந்த அடியோடு போயிற்று என்று அவருக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு வந்த துரை பெயரைப் படித்தான். பிடுங்கு என்று ரஹ்மத்துல்லாவிடம் சொன்னான்.

"கையெல்லாம் மையா இருக்கு தொரை," என்றார் ரஹ்மத்துல்லா.

அடுத்தவரைப் பார்த்தான். அவர் கையிலும் மை. அச்சாபீஸில் மை இல்லாத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசியில் துரையே தூணருகே போய் நகத்தால் ஆணியை நெம்பினான். அது லேசில் வரவில்லை. பத்துப் பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.