அதே பலகை

எங்கள் மரம் அறுக்கும் மிஷினை விலை பேசியிருந்த விக்ரம் சாயங்காலம் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் மிஷினுக்கு என்ன கோளாறு என்று நான் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் மிஷின் அவனோடு மூலக்குளத்துக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வேலையை மட்டமாகச் சொல்லவில்லை. மரத்தூள் வாசனை இல்லாவிட்டால் சோறு இறங்காத மனிதர் அங்கே போய் என்ன செய்வார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆயுத பூஜை முடிந்து மறுபடி வேலை தொடங்கிய அன்றைக்கே அது நடந்தது. தேக்குப் பலகை ஒன்றை மிஷினில் விட்டு நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தார். பாதி போயிருக்கும். பிளேடு பலகையைக் கவ்வித் தூக்கி வந்த வழியே திருப்பி அடித்தது. அடி விலாவில். எலும்பில் விரிசல். நாலு விரல் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் இதுவரை முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை.

எங்கள் ஷெட் இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையே வந்து பார்த்தது. ஆளாளுக்குத் திருஷ்டி என்றார்கள். ஷெட் வாசலில் பூசணிக்காய் தொங்கியது. இவர் அதையும் ஏற்கவில்லை. "திருஷ்டி இல்ல ஒண்ணும் இல்ல. என் கையிலதான் கோளாறு. இனிமே நமக்கு இந்த வேல ஆவாது" என்று ஒரே பாட்டு. விலா ஆறியும் மிஷின் பக்கம் திரும்பவில்லை. விக்ரம் விலைக்குக் கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பாலிஷ் போடுவது என் வேலை என்றாலும், எத்தனையோ வருஷமாக மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்று அறுந்து வரும் பலகையைப் பிடித்தவள் நான். அந்தக் கை பிசகுகிற கை இல்லை என்று எனக்குத் தெரியும்.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அளவு பார்க்கிற மூலைமட்டத்தை எடுத்தேன். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பண்ற?"

"தொடச்சிக் குடுக்குறேன். வாங்கறவன் அழுக்கோடயா எடுத்துனு போவான்?"

பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டேன். மேஜையில் பிளேடுக்குப் பக்கத்தில் ஓடும் பள்ளத்திலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று பார்த்து மூலைமட்டத்தின் ஸ்கேலை நீட்டி இறுக்கினேன். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதே அளவு. பிளேடு நேராகத்தான் நிற்கிறது. மனசு பொசுக்கென்று போனது. அப்படியானால் கைதான் காரணமா?

இன்னும் கைடு பாக்கி இருந்தது. பலகை சாய்ந்துகொண்டு போகிற இரும்புச் சட்டம் அது. பள்ளத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை முன்பக்கம் அளந்து ஸ்கேலை இறுக்கினேன். பின்பக்கம் போனால் ஸ்கேல் நுழையவே இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். நுழையவில்லை. கைடு பின்னால் பிளேடு பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே போன பலகைக்குப் பின்னால் வழி இல்லை. நெருக்கினால் பிளேடு தூக்கித்தான் எறியும்.

பூட்டைத் தளர்த்திக் கைடைத் தூக்கிக் கவிழ்த்தேன். மேஜையின் முன்கம்பியில் உட்காருகிற தலைப்பகுதியின் உள்பக்கம், ஒரு ஓரமாக, சந்தனம். நடுவில் குங்குமம். மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. அரிசி கனம்கூட இருக்காது. ஆனால் தலை அந்த அளவு கோணினாலே வால் எங்கே போகும்?

பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் மட்டம் பார்த்து வைத்திருந்தார். பூஜையன்று கைடைக் கழற்றிக் கவிழ்த்துத் துடைத்தவர், அந்த வாக்கிலேயே பயபக்தியாகப் பொட்டு வைத்து மாட்டியிருக்கிறார். முந்தின நாள்தானே பார்த்தோம் என்று மறுபடி அளக்கவில்லை. ஷெட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்; வேறு யாரும் வைத்திருக்க முடியாது. நான் அன்றைக்கு வீராம்பட்டினத்தில் தங்கச்சியின் பிரசவத்துக்குப் போயிருந்தேன்.

"இன்னாடி அது?"

பின்னால் வந்து நின்றிருந்தார். எட்டிப் பார்த்தார். முகம் சாம்பலாகிப்போனது.

"யாரு வெச்சது?"

அவருக்கே ஞாபகம் இல்லை. உண்மையைச் சொன்னால், பார்த்தியா என் கைதான் என்று அதையே பிடித்துக்கொள்வார். பிறகு யார் வந்தும் நிமிர்த்த முடியாது.

"நான்தான். புத்தி கெட்டுப் போயி வெச்சிட்டேன்" என்றேன். இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் அந்தக் குங்குமத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தார். நான் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, கைடை மாட்டி அளந்தேன். முன்னும் பின்னும் ஒரே அளவு.

"பின்னால ஒரு மயிரளவு அந்தாண்ட தள்ளி இறுக்கு" என்றார், பாதிக் குரலில். "நெருக்கக் கூடாது."

தள்ளி இறுக்கினேன். மூலைக்குப் போய், அன்றைக்கு அவரை அடித்த பலகையைத் தூக்கி வந்தேன். அதை யாருமே தொடாமல் வைத்திருந்தோம்.

"அது வாணாம்."

"இதுதான் வேணும்."

மெயினைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்கே அவர் ஒரு அடி பின்னால் போனார். அறுபடாத விளிம்பைக் கைடில் சேர்த்துப் பிளேடில் விட்டேன். நான் அடிபட்டால் இந்த மனிதர் அத்தோடு முடிந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. நிறுத்தவும் பயம், தள்ளவும் பயம். கால் பலகை போனது. பாதியை நெருங்கியபோது பலகை லேசாக அதிர்ந்தது. கண்ணை மூடப் பார்த்தேன்.

"ஏய்! நேரா நிக்காத! பக்கவாட்டுல ஒதுங்கு!"

ஷெட் அதிரக் கத்தினார். அப்படி ஒரு அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அடுத்த நொடி அவர் கை என் கைக்கு மேலே விழுந்து, என்னைத் தோளால் நகர்த்தியது. தள்ளுகிற குச்சியை எடுத்துக்கொண்டார். பலகை கைடை ஒட்டி, முனகாமல், கடைசிவரை போய் இரண்டாக விழுந்தது.

மிஷினை நிறுத்தினார். அறுத்த விளிம்பில் உள்ளங்கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினார். பிளேடு உரசிக் கருகிய தடம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. விக்ரம் இறங்கி வந்தான்.

"அண்ணே, தூக்க ஆளுங்களையும் கூட்டினு வந்துட்டேன். கழட்டலாமா?"

"வண்டிய திருப்பு தம்பி. மிஷின் குடுக்கறதா இல்ல."

விக்ரம் என்னைப் பார்த்தான். நான் பூசணிக்காயைப் பார்த்தேன். முணுமுணுத்துக்கொண்டே போய் வண்டியில் ஏறினான்.

வண்டிச் சத்தம் அடங்கும்வரை அவர் நிமிரவில்லை. அறுத்த துண்டுகளில் ஒன்றை எடுத்துக் கைடில் வைத்தார்.

"பாக்கியம்."

"ம்?"

"பூச அன்னிக்கு நீ வீராம்பட்டினத்துல இருந்த."

அவர் குங்குமம் ஒட்டியிருந்த தன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மெயினைப் போட்டார்.

"நின்னுனே இருக்கியே. அந்தாண்ட போயி பலகயப் புடி" என்றார்.