சிமியோன் போட்ட வோட்டு

குருநகரில் கத்தரீனாவின் வீட்டுக்குக் கிராம அலுவலரான விதானையார் நமசிவாயம் வருசா வருசம் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போவார். வாக்காளர் பட்டியலான இடாப்புக்கு வீட்டு ஆட்களைப் பதிகிற படிவத்தில் அவள் கையெழுத்து வைக்கமாட்டாள். "என்ரை மூத்தவன்ரை பேரை முதல் எழுதுங்கோ, பிறகு வைக்கிறன்" என்பாள்.

மூத்தவன் சிமியோன் எண்பத்தாறில் கடலுக்குப் போனவன். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரையில் ஒதுங்கவில்லை. பழைய இடாப்பில் மட்டும் அவன் பெயர் அப்படியே கிடந்தது. இல்லாத ஆளை இருக்கிறார் என்று புதிதாய் எழுதினால் விதானையாரின் வேலைக்கு உலை. எழுதாமல் விட்டால், பெற்றவளே பிள்ளையைச் செத்தவன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. இந்த இழுபறிக்கு நடுவில் அகப்பட்டு நசுங்கியவள் இளையவள் மக்டலீன்.

அவளுக்குப் பதினெட்டும் முடிந்து பத்தொன்பதும் முடிந்துவிட்டது. இடாப்பில் பெயர் இல்லை. அதனால் விதானையாரின் உறுதிக் கடிதம் இல்லை, கடிதம் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லை. பட்டணத்துத் தையல் கடைக்குப் போகிற வழியில் இந்திய ஆமி ஆட்களை மறித்துச் சோதிக்கிற சென்றி இருந்தது. அட்டை இல்லாத பிள்ளைகளை அங்கே ஒரு கரையில் நிறுத்தி வைப்பார்கள். ஒருநாள் மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றுவிட்டு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள் மக்டலீன். அதைக் கண்டுதான் தாய் இறங்கி வந்தாள்.

"சரி பிள்ளை, உந்த எலெக்சன் முடியட்டும். விதானையார் வந்தால் உன்ரை பேரையும் என்ரை பேரையும் மட்டும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வைக்கிறன்."

மக்டலீனுக்குச் சந்தோசம் வரவில்லை. அது வருகிற இடம் மரத்துப்போய்க் கனகாலம். ஆனாலும் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டாள். அம்மா சொன்னதென்று விதானையாரிடமும் போய்ச் சொல்லி வைத்தாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசியில், அந்தப் பழைய இடாப்பை வைத்தே தேர்தல் வந்தது. போடாதே என்று ஒரு நோட்டீசு, போடு என்று இன்னொரு நோட்டீசு. போகாவிட்டால் யார் கேட்பார்கள், போனால் யார் கேட்பார்கள் என்று தெரியாமல் சனம் பாதி போனது, பாதி கதவைச் சாத்தியது. கத்தரீனா போனாள். பள்ளிக்கூட வாசலில் மகளை நிறுத்திவிட்டுத் தனியே உள்ளே நடந்தாள்.

வாசலில் இளம் பிள்ளைகள் கொஞ்சப்பேர் நின்றார்கள். எல்லாரும் மக்டலீனைப் போலத்தான், பெயர் இல்லாதவர்கள். அப்போது உள்ளே இருந்து கிறகோரி வந்தான். அடுத்த ஒழுங்கைப் பெடியன், அவளோடு படித்தவன், இப்போது ஒரு கட்சிக்காரரோடு திரிகிறவன். விரல் மையைப் பப்பாசிப் பால் தோய்ந்த துணியால் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன மக்டலீன், காவலோ?"

"என்ரை பேர் இல்லை."

"பேருக்கு என்ன பஞ்சம்! குணலட்சுமி எண்டு ஒண்டு கிடக்கு, ஆள் செருமனியிலை. போய்ப் போட்டிட்டு வா. நான் காலமையிலையிருந்து நாலு பேராய்ப் பிறந்திட்டன்."

"என்ரை பேரிலை எண்டால் போடுவன்."

"உன்ரை பேரிலை போட நீ முதல் செத்துப்போகோணும், இல்லாட்டி கனடா போகோணும்" என்று சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மக்டலீனும் சிரித்தாள், உதட்டால்.

அந்த நேரம் கத்தரீனா வெளியே வந்தாள். அப்படி ஒரு முகத்தோடு தாயைக் கண்டு எத்தனை வருசம்! ஓடாத குறையாக வந்து மகளின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, அண்ணை வந்தவனாமடி! இடாப்பிலை என்ரை பேருக்குக் கீழை அவன்ரை பேர் வெட்டிக் கிடந்தது. ஏன் தம்பி வெட்டினீங்கள் எண்டு கேட்டன். அவர் காலமையே வந்து போட்டிட்டுப் போயிட்டார் அம்மா எண்டு இடாப்போடை இருந்த அந்த அரசாங்கத் தம்பி தன்ரை வாயாலை சொன்னவர்."

மக்டலீன் கிறகோரியைப் பார்த்தாள். அவன் துணியைச் சுருட்டிக் காற்சட்டைப் பையில் செருகினான்.

"அண்ணையின்ரை பேரிலை ஆர் போட்டது?" என்று அவனுக்கு மட்டும் கேட்கக் கேட்டாள்.

"லிஸ்ற்றிலை கிடந்தது" என்றான். பிறகு, "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, செருப்பு இழுபட நடந்து போய்விட்டான்.

கத்தரீனாவோ வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தாள். எங்கேயோ மறைந்து இருக்கிறான், எங்களுக்கு ஆபத்து வரும் என்று முகம் காட்டப் பயப்படுகிறான், மெலிந்திருப்பான், தலைமயிர் வளர்ந்திருக்கும். கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். அன்றைக்குக் குழம்பில் புளி கூடப் போட்டாள், அவனுக்கு அதுதான் பிடிக்கும் என்று. மகள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அந்த ஓமைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது? உண்மையைச் சொல்ல வாய் திறந்தால், அண்ணன் அன்றைக்குத்தான் செத்தமாதிரி ஆகிவிடும்.

வைகாசியில் விதானையார் படிவத்தோடு வந்தார். கத்தரீனா தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"முதல் சிமியோனை எழுதுங்கோ."

"அம்மா, பிள்ளையின்ரை பேரையும் உங்கடை பேரையும் மட்டும் எழுதச் சொல்லி நீங்கள்தானே சொல்லி விட்டனீங்கள்?"

"அது அப்ப. இப்ப அவன் வந்து வோட்டுப் போட்டிட்டான். அரசாங்க ஆளே சொன்னது. நீங்கள் ஆர் இல்லையெண்டு சொல்ல?"

விதானையார் பேனையை மூடினார், திறந்தார். பிறகு மக்டலீன் பக்கம் திரும்பினார். அது ஆரோ போட்ட கள்ள வோட்டு என்று அவருக்கும் தெரியும்.

"பிள்ளை, நீ சொல்லு. நீ சொன்னால் அம்மா கேப்பா. இந்த வீட்டிலை எத்தினை பேர்?"

தாய் அவளைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு என்று ஒரு சொல். சொன்னால் கடிதம், அட்டை, சென்றியில் தலை நிமிர்ந்து போகலாம். மக்டலீன் சேலைக் கரை தைத்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"மூண்டு பேர், ஐயா."

"மூண்டெண்டால் நான் எழுதேலாது, பிள்ளை."

"தெரியும்."

அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல் படலை வரைக்கும் மக்டலீன் அவரைக் கொண்டுபோய் விட்டாள். "வாற வருசம் பாப்பம்" என்றார் சைக்கிளில் ஏறிக்கொண்டு. "ஓம்" என்றாள் அவள். தையல் கடைக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்குள் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள்.