நதீமின் காலில் ஊற்றிய தண்ணீர்

மாலை மறைக்கல்வி வகுப்பில் எங்கள் பங்குச் சாமியார் அபூனா ரிஃபத் எந்தத் திருவருட்சாதனத்தைப் பற்றிப் பேசினாலும் அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்பார். பயன்படுத்திய பொருள் சரியா? வார்த்தை சரியா? செய்தவர் மனதில் திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்ததா? மூன்றும் இருந்தால் செல்லும். செய்தவர் நல்லவரா, கை நடுங்கியதா என்பதெல்லாம் கணக்கில் வராது.

பகலில் நான் மாதபா நகரக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அளப்பதும் சரிபார்ப்பதும் என் பிழைப்பு. சரிபார்த்ததை நம்பாமல் மறுபடி பார்ப்பது என் வியாதி. அன்று அபூனா சொன்னதை எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். கை நடுங்கியது போகட்டும். நான் ஊற்றியது காலில்.

என் அக்கா ரூலாவின் மகன் நதீம் குறைமாதத்தில் பிறந்தவன். பிறந்த அன்று மாலையே மூச்சு தடுமாறுகிறது என்றார்கள். என்னை மட்டும் கண்ணாடிப் பெட்டியின் அருகே விட்டார்கள். தலையில் தொப்பி, முகமெல்லாம் குழாய். வெளியே தெரிந்தது ஒரு குட்டிப் பாதம். கைப்பையில் ஊசிமருந்து கலக்கும் தண்ணீர்க் குப்பி ஒன்று இருந்தது. அதை உடைத்து, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லி அந்தப் பாதத்தில் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பிழைக்க மாட்டான் என்று நான் பயந்தது அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

பிழைத்துவிட்டான். இப்போது கன்னம் உப்பி, ஊரைக் கூட்டும்படி அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். ஒருமுறை கொடுத்ததை மறுபடி கொடுக்கக் கூடாது. என்னுடையது செல்லுமென்றால் ஞாயிறன்று தண்ணீர் ஊற்றக் கூடாது. செல்லாதென்றால், சாவோடு போராடிய நாளெல்லாம் அவன் கையில் எதுவுமில்லாமல் கிடந்திருக்கிறான். எது உண்மை என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வகுப்பு கலைந்ததும் அபூனாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலா?"

"கால்தான் அபூனா."

"தலையா இருந்தா ஒரு பேச்சும் இல்ல மைசூன். கால்னா சந்தேகம்தான். 'நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்'னு முன்னாடி சேத்துச் சொல்லி ஊத்திடலாம். ஆனா உங்க வீட்ல தெரியணும். வா, இப்பவே போவோம்."

அக்கா வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஞாயிறன்று விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் சர்க்கரை பாதாமை வலைத்துணியில் முடிந்துகொண்டிருந்தார்கள். அத்தான் சுஹைலின் அத்தை ஹியாம் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்து, முடிச்சு சரியில்லை என்று அத்தானைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அக்கா என்னையே பார்த்தாள். ஹியாம் அத்தையின் முகம்தான் விசித்திரமாகப் போனது.

"கால்லயா ஊத்துன? எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கால்ல ஊத்துறதுக்கா உன்னப் படிக்க வச்சாங்க? நான் மறுநாளே தலையில ஒழுங்கா ஊத்திட்டேன். தொப்பியக் கொஞ்சம் தூக்கிட்டு."

அத்தானின் கையிலிருந்த பாதாம் உருண்டு ஓடியது. "அத்தே, நீங்களுமா?"

"பின்ன? நீ அகபா ரோட்ல லாரிய ஓட்டிட்டிருந்த. யாராவது செய்ய வேண்டாமா?"

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" என்றார் அபூனா.

"குழாய்த் தண்ணியவா ஊத்துவேன் அபூனா? பன்னீர். நானே வடிச்சது. பைல எப்பவும் வச்சிருப்பேன்."

அபூனா ஒரு பாதாமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். "பன்னீர் செல்லாதும்மா. ஆத்துத் தண்ணி, மழைத் தண்ணி, குழாய்த் தண்ணி எல்லாம் செல்லும். வெறும் தண்ணியா இருக்கணும்."

"நல்லதக் கொடுத்தா செல்லாது, சாக்கடையக் கொடுத்தா செல்லுமாக்கும்."

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "அபூனா, நானும் ஒண்ணு சொல்லணும். இவன் பிறந்த உடனே நீலமா இருந்தான். என்னால எந்திரிக்க முடியல. பக்கத்துல நர்ஸ் தஹானி மட்டும்தான். தண்ணி ஊத்தச் சொல்லி அவகிட்ட கெஞ்சினேன், ஊத்துனா. அவ முஸ்லிமாச்சே, எப்படியும் செல்லாதுன்னு நினைச்சு விட்டுட்டேன். இவர்கிட்டயும் சொல்லல. இடிஞ்சு போயிடுவாருன்னு."

அபூனா பாதாமை மெல்வதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு எங்க இருக்கு?"

தஹானியின் வீடு அடுத்த தெருதான்; அத்தான் போய்க் கூப்பிட்டார். வேலை முடிந்து முக்காட்டைக்கூட மாற்றாமல் வந்தாள். அறையில் அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா?"

"இல்லம்மா, உட்காரு. எதை ஊத்துன?"

"குடிக்கிற தண்ணி. பாட்டில்ல இருந்தது."

"எங்க?"

"தலையிலதான். அப்ப குழாய் எதுவும் மாட்டல. வழிஞ்சு என் கையெல்லாம் நனைஞ்சுது."

"என்ன சொன்ன?"

"ரூலா அக்கா சொல்லச் சொல்ல நானும் சொன்னேன், ஊத்திக்கிட்டே." அவள் அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"மனசுல என்ன நினைச்ச?"

தஹானி கொஞ்சம் யோசித்தாள். "இவங்க சர்ச்சுல குழந்தைக்கு என்ன செய்வாங்களோ, அது இவனுக்குக் கிடைக்கணும்னு. வேற என்ன நினைக்கிறது?"

"அவ்வளவுதான் வேணும்" என்றார் அபூனா. "ஆபத்துல யார் கொடுத்தாலும் செல்லும். நதீம் பிறந்த நாள்லயே கிறிஸ்தவன். ஞாயித்துக்கிழமை தைலம் உண்டு, வெள்ளைத் துணி உண்டு, மெழுகுவர்த்தி உண்டு. தண்ணி கிடையாது."

எனக்கு ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு, நான் போவதற்கு முன்பே அவனிடம் எல்லாம் இருந்தது என்று புரிந்தது. காலையிலிருந்து முதல்முறையாகப் பசித்தது.

"அப்ப நான் செஞ்சது என்ன அபூனா?"

"கால் கழுவியிருக்க. வருஷா வருஷம் பெரிய வியாழன்ல கோயில்ல நானும் அதைத்தான் செய்றேன். நான் குப்பி உடைக்கிறதில்ல."

அத்தான் சத்தமாகச் சிரித்தார். ஹியாம் அத்தை மட்டும் இறங்கி வரவில்லை. "அப்ப என் பன்னீர்?"

"கராவியாக் கூழ்ல ஊத்துங்க" என்றார் அபூனா. "அதுக்குச் செல்லும்."

ஞாயிறன்று நான் நதீமைத் தூக்கிக்கொண்டு நின்றேன். தைலம் பூசியபோது அபூனாவின் வெள்ளைச் சட்டைக் கையை நனைத்தான். "தண்ணி இல்லேன்னு சொன்னீங்களே" என்று பின்னாலிருந்து அத்தான் முணுமுணுத்தார். தஹானி மூன்றாவது வரிசையில் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹியாம் அத்தை கராவியாக் கிண்ணங்களை நீட்டினார். பிள்ளை பிறந்த வீட்டில் கிண்டும் அந்தக் கூழின் மேல் வாதுமை, தேங்காய்ப்பூ, எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்னீர் வாசனை. முதல் கிண்ணம் தஹானிக்குப் போனது.

"சாப்பிடு மகளே. உன் தண்ணிய விட இது நல்லா இருக்கும்."

தஹானி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "செல்லும் அத்தே" என்றாள்.